இடிந்த வீட்டுக்கு பிளான்

கேள்வி: இன்றைய ஓவியர்கள் பூர்வீக ஊர், பாட்டி வீடு என்றே சுற்றுகிறார்களே? வீட்டு வரைபடத்தைக்கூடக் கலை என்கிறார்கள். அதற்கு ஒரு எஞ்சினியர் போதாதா?

பதில்: எஞ்சினியர் கட்டப்போகும் வீட்டுக்கு பிளான் போடுவார். இடிந்துபோன வீட்டுக்கு யார் போடுவது?

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். போரில் இடம்பெயர்ந்தவர்களைத் தங்கள் வீட்டை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் கைப்பட இழுத்த கோடுகள், அவற்றை அளவெடுத்தாற்போலத் திருத்தி வரைந்த கட்டட வரைபடம், பிறகு சனாதனனின் ஓவியம் என்று 80 பேருடைய நினைவுகள் 2011-ல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலாயின.

தோம்பு என்ற பெயரில்தான் விஷயமே இருக்கிறது. டச்சுக்காரர்கள் இலங்கையில் வைத்திருந்த காணிப் பதிவேடு அது. காணி யாருடையது என்று அது சொல்லும். மழை வந்தால் எந்த மூலை ஒழுகும், ஆச்சி எந்தத் தூணில் சாய்ந்து வெற்றிலை போடுவார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. சுவர் விழுந்தபின் இதெல்லாம் இருப்பது மனிதர்களின் தலைக்குள் மட்டுமே. அரசாங்கம் எழுதாமல் விட்ட பக்கத்தை வீடிழந்தவர்களின் கையாலேயே எழுத வைத்தாரே, எனக்கு அதுதான் பெரிய கலை.

இன்றிரவு நீங்களும் ஒரு தாளில் பிறந்த வீட்டை வரைந்து பாருங்கள். அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் என்று கை தயங்கினால் அம்மாவுக்கு போன் போடுங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார்.