தாழில்லா மாளிகைக்குப் பல்லாண்டு

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை போர்த்திய பேகனையும் பாடிப் பாடியே நம் புலவர்களின் நா வறண்டது. மினியாபொலிஸ் மாநகரில் கொலுவீற்றிருக்கும் டார்கெட் என்னும் பேரங்காடிப் பெருந்தகையைப் பாட மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த வள்ளல்களாவது வாங்குபவர் யாரென்று கண்ணால் கண்டு கொடுத்தார்கள். இப்பெருந்தகையோ 2013ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில், தம்மை நம்பி வந்த வாடிக்கையாளர்களின் சுமார் 4 கோடி வங்கி அட்டை விவரங்களை முகம் தெரியாதவர்க்கு வாரி வழங்கினார். கூடவே 7 கோடி பேர் வரையிலானோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இங்கே கொடுத்த கைக்கே தெரியவில்லை!

கொடைக்கு வழி திறந்தவர், பென்சில்வேனியாவில் குளிர்பதன வேலை பார்க்கும் ஓர் எளிய ஒப்பந்தக்காரர். பில் அனுப்பவும் வேலை விவரம் பதியவும் அவருக்கு டார்கெட்டின் நெட்வொர்க்கில் நுழைவுரிமை இருந்தது. கள்வர்கள் மின்னஞ்சலில் தூண்டில் போட்டு, அவருடைய கடவுச்சொல்லைக் கவர்ந்து, அதே வாசல் வழியாக எழுந்தருளினார்கள். அற்பக் கம்பெனியாக இருந்தால் என்ன செய்திருக்கும்? எல்லா வாசலுக்கும் பொதுவாக ஒரே காவலை நடுவில் நிறுத்தி, 'நீ யார், எந்தக் கருவியோடு வந்தாய், அது நோயற்றதா, உனக்கு இங்கே என்ன வேலை' என்று குடைந்திருக்கும். பில் கொடுக்க வந்தவரைப் பில் அறையோடு நிறுத்தியிருக்கும். சந்தேகம் தட்டினால் அந்த நொடியே எல்லா உரிமையையும் பறித்து வெளியே தள்ளியிருக்கும். என்ன அநாகரிகம்! விருந்தோம்பலில் தோய்ந்த இம்மாளிகையிலோ, திண்ணையில் கால் வைத்தவருக்குக் கல்லாப்பெட்டி வரை ராஜபாட்டை.

பிற்பாடு சோதிக்க வந்த வெரைசன் நிபுணர்களும் இந்தச் சமரச சன்மார்க்கத்தைத் தரிசித்தார்கள். ஒரு கடையில் இறைச்சி நிறுக்கும் தராசுக்குள் புகுந்தவர்கள், வேறொரு கடையின் கல்லா இயந்திரங்களோடு நேரே பேசிவிட்டார்கள். தராசு என்றும் கல்லா என்றும் ஏற்றத்தாழ்வு பாராட்டாத இச்சமத்துவத்தை எந்தச் சீர்திருத்தச் செம்மல் சாதித்தார்? அங்கே புழங்கிய கடவுச்சொற்களில் 86 சதவீதம் அவர்கள் கையில் உடைந்து மலர்ந்தன. மிச்சம் 14 சதவீதம் ஏன் இப்படிக் கஞ்சத்தனம் காட்டியதோ என்பது ஒன்றே அடியேனின் மனக்குறை.

பொறுமையிலும் பூமாதேவி இவரே. 16 லட்சம் டாலர் சொரிந்து வாங்கிய ஃபயர்ஐ மென்பொருள் நவம்பர் 30 அன்றே கூவியது. பெங்களூரில் விழித்திருந்த கண்காணிப்புக் குழு மினியாபொலிஸுக்குத் தகவல் சொன்னது. திருட்டு நிரலைத் தானே அழிக்கும் வசதியும் அம்மென்பொருளில் உண்டு. அதை முன்கூட்டியே அணைத்து வைத்திருந்த ஜீவகாருண்யத்தை என்னென்பது! டிசம்பர் 2இல் மறுபடியும் எச்சரிக்கை. பதற்றம் என்னும் கீழ்க்குணம் அண்டாத அந்தப் பேரவை, டிசம்பர் 12இல் அமெரிக்க நீதித் துறையினர் வந்து கதவைத் தட்டும்வரை யோகநித்திரை கலையவில்லை. (தட்டுவதற்கு ஒரு கதவு இருந்ததே வியப்பு.) அட்டைப் பாதுகாப்புத் தரத்துக்கான நற்சான்றிதழ் அந்த ஆண்டு செப்டம்பரில்தான் கிடைத்திருந்தது. சான்றிதழ் மாட்டிய சுவருக்குத் தாழ்ப்பாள் எதற்கு?

பொறாமை பிடித்த உலகம் சும்மா இருக்குமா? 2014 மே மாதம் தலைமை நிர்வாகி பதவி துறந்தார். 2017இல் 47 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் கூடி வழக்கை முடித்துக்கொள்ள 1.85 கோடி டாலர் கேட்டன. கொடுத்தே பழகிய கை அதையும் கொடுத்தது. அதோடு விட்டார்களா? அட்டை விவரங்கள் குடியிருக்கும் பகுதியை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வை, நுழைவோரை இரு வழிகளில் சரிபார் என்றெல்லாம் நிபந்தனை போட்டு, அந்த மகோன்னத மாளிகையைச் சாதாரணக் கிட்டங்கியாக்கிவிட்டார்கள். இறைச்சித் தராசும் கல்லாவும் இனி ஒட்டி உறவாடக் கூடாதாம்!