எங்கள் ஊரில் கடல் இல்லை

மாவட்டத்துக்குக் கடலூர் என்று பெயர் வைத்தவர்கள் விருத்தாசலத்துக் குடும்பஸ்தனைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம். கோயம்புத்தூர் மச்சான் ஜங்ஷனில் இறங்கியதுமே, "மாப்பிள்ளை, கடல் எந்தப் பக்கம்?" என்கிறார். கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர்; நடுவில் நெய்வேலிச் சுரங்கமும் முந்திரித் தோப்புகளும். பிச்சாவரம் படகுக்கும், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கும், பரங்கிப்பேட்டைக்கும் வாடகைக் கார் பிடிக்க வேண்டும். வாடகைக் காரை நான் கொள்கையளவில் எதிர்ப்பவன். ஆகவே உள்ளூரைச் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில். சம்பளம் கிடையாது, மரியாதை அதைவிடக் குறைவு.

முதலில் பழமலைநாதர் கோயில். கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, தீர்த்தம் ஐந்து என்று அங்கே எல்லாமே ஐந்து. படியிறங்கிப் போய்க் கும்பிட ஆழத்துப் பிள்ளையார் வேறு. காசியைவிட ஒரு வீசம் கூடுதல் புண்ணியம் தரும் விருத்தகாசி இது என்று சொல்லி, காசிக்கு ஆகும் ரயில் செலவையும் கணக்குப் போட்டுக் காட்டினேன். மச்சான் அசையவில்லை. மணிமுத்தாற்றங்கரையில் நிறுத்தி, சுந்தரர் 12,000 பொன்னை இந்த ஆற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையை விஸ்தரித்தேன்.

"இவரும்தான் சீட்டுல போட்டார், அண்ணா. எந்தக் குளம்னுதான் இன்னும் தெரியலை" என்றாள் என் மனைவி.

இலக்கியத்துக்குத் தாவினேன். புதுமைப்பித்தனின் இயற்பெயரே சொ. விருத்தாசலம் என்றேன். "இந்த ஊர்க்காரரா?" இல்லை, 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். "அது கடலூர்தானே? அங்கே கடல் இருக்குமே!"

பிறகு மனைவி பொறுப்பேற்றாள். அதாவது, செராமிக் கடைகள். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசுக் கல்லூரியே உள்ள ஊர் இது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே வருகிற வெள்ளைக் களிமண் இங்கே கொலு பொம்மையாகவும் ஊறுகாய் ஜாடியாகவும் மாறுகிறது. மண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ள, ஓரத்தில் மெல்லியதாக ஒரு படிவு ஒட்டும்; மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெறும் கூடு. முதல் தேதி என் சம்பளத்துக்கு நடப்பதும் இதேதான். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்து, வர்ணமும் மெருகும் ஏற்றிச் சூளையில் சுடுகிறார்கள். யார் வந்தாலும் ஜாடி வாங்குவது எங்கள் வீட்டுச் சம்பிரதாயம். ஊறுகாய் போடத்தான் ஆளில்லை. ஒன்றில் மின்கட்டண ரசீதும் இன்னொன்றில் என் மூக்குக்கண்ணாடியும் குடியிருக்கின்றன. மச்சான் மனைவி அன்று வாங்கிக் குவித்ததைத் தூக்கிவர ஆள் தேடியபோது எனக்கு முதுகுவலி வந்துவிட்டது.

கடைசியாக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். உருவமில்லாமல் பீடமாக இருக்கும் முருகன். கொடுத்த கடன் திரும்பவில்லையா, களவு போனதா, குடும்பத்தில் சச்சரவா, தாளில் எழுதிப் பிராது கட்டலாம். காரியம் முடிந்ததும் ராஜினாமா கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். இந்த நடைமுறையை நானே விலாவாரியாக விளக்கினேன்.

விளக்கி முடிப்பதற்குள் மனைவி, "ஏங்க, அந்தப் பேனாவைக் கொடுங்க" என்றாள். எழுதும்போது இடது கையால் தாளை மறைத்துக்கொண்டாள். இரண்டு பக்கம். எட்டிப் பார்த்த மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எல்லாம் நியாயமாத்தான் இருக்கு, மாப்பிள்ளை" என்றார்.

திரும்பும்போது ஜாடி மூட்டையை யாரும் சொல்லாமலே நான் தூக்கிக்கொண்டேன்.