எதிர்த்தாப்புல

தம் கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் கடையின் வியாபாரத்தைக் கவனிப்பவர் எதிர்க்கடைக்காரர். எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் உண்டு. ஆனால் சாலை நீளமாக, நேராக, இருபுறமும் கடைகளாக அமைந்த இடத்தில்தான் செழித்து வளர்வார். பூந்தமல்லி டிரங்க் ரோடு அவருக்கென்றே போட்டது போன்ற சாலை. குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சுற்றுவட்டாரப் பெயர்களிலேயே சாவடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழிப்போக்கரை உட்காரவைத்து அனுப்பும் அந்த வேலையை இன்று டீக்கடைகள் பார்க்கின்றன. ஒன்று திறந்தால் ஆறே மாதத்தில் எதிரே இன்னொன்று.

ஏன் எதிரே? இடமா இல்லை? இந்தக் கேள்விக்கு 1929-லேயே விடை சொன்னவர் ஹரால்டு ஹோட்டலிங் என்ற அமெரிக்கர். பெயரில்தான் ஹோட்டல், தொழில் பொருளாதாரம். நேரான ஒரு தெருவில் ஒரே சரக்கை விற்கும் இருவர், கூடுதல் வாடிக்கையாளரைப் பிடிக்கும் ஆசையில் நகர்ந்து நகர்ந்து கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதே 1929-இல்தான் பாப்பாய் மாலுமி படக்கதையில் முதல்முறை தலைகாட்டினான். 1957-இல் வந்த 'ஸ்ப்ரீ லஞ்ச்' என்ற கார்ட்டூனில் பாப்பாயும் அவனுடைய ஜென்மப் பகையாளி புளூட்டோவும் எதிரெதிரே சாப்பாட்டுக்கடை போட்டு, விம்பி என்ற வாடிக்கையாளனுக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். இந்த விம்பி யாரென்றால், இன்றைக்குத் தின்றுவிட்டுக் காசைச் செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்று சொல்லியே பேர் வாங்கியவன். ஹோட்டலிங்கின் கணக்கில் இப்படி ஒருவனுக்கு இடமில்லை. டிரங்க் ரோட்டில் உண்டு.

எதிர்க்கடைக்காரரை அடையாளம் காண்பது எளிது. எதிரியின் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். "எதிர்த்தாப்புல" என்பார், கோபம் வந்தால் "அங்க" என்று சுருக்குவார். தம் கடையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது தெரியாது. எதிர்த்தாப்புல எத்தனை பாக்கெட் பால் இறங்கியது என்பது துல்லியமாகத் தெரியும். தமக்குக் கூட்டம் வந்தால் டீயின் ருசி காரணம். எதிரே கூட்டம் வந்தால் பஸ் ஸ்டாப் காரணம்.

போட்டி ஷட்டரில் தொடங்கும். ஒருவர் காலை நாலு மணிக்குத் திறந்தால் மற்றவர் மறுநாள் மூன்றே முக்காலுக்குத் திறப்பார். அடுத்த நாள் மூன்றரை. இரண்டே வாரத்தில் இரு கடைகளும் நடுராத்திரி தாண்டியதும் திறந்து, தெருநாய்களுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்கும். பிறகு இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்து, மறுபடி நாலு மணிக்குத் திரும்புவார்கள்.

அடுத்தது போர்டு. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகள் பித்தளை டவராவும் கையுமாக வரிசைகட்டும். கும்பகோணமோ ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி, வேறு சாலையில் இருக்கிறது. ஒருவர் 'கும்பகோணம்' என்று எழுதினால் எதிரே இருப்பவர் 'ஒரிஜினல்' சேர்ப்பார். அதற்கு மேலே போக 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்ற அஸ்திரம் இருக்கிறது. இருக்கிற ஒரு கடைக்கே மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருப்பவரும் இதைத் தயங்காமல் எழுதுவார்.

விலைக்குறைப்பில் இறங்கினால்தான் கார்ட்டூன் முழுவேகம் எடுக்கும். டீயில் ஒரு ரூபாய் குறையும். எதிரே இரண்டு டீக்கு ஒரு வடை இலவசமாகும். உடனே இங்கே வடைக்கு டீ இலவசமாகும். பிரியாணிக் கடைக்காரர்கள் இந்தக் கலையில் இன்னும் ஒரு படி மேலே. பழைய 5 பைசா, 10 பைசா நாணயம் கொண்டுவந்தால் பிரியாணி என்ற விளம்பரத்தைத் தமிழ்நாட்டில் பல ஊர்கள் பார்த்தாயிற்று. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாக்காசாகிவிட்டன. அரசாங்கமே வேண்டாம் என்ற காசுக்கு மட்டன் துண்டு போட்டுத் தருவதை வள்ளல்தனத்தில் சேர்ப்பதா, எதிர்க்கடை வியாதியில் சேர்ப்பதா என்பது ஆராய்ச்சிக்குரியது.

கார்ட்டூனில் வாழைப்பழத்தோல் செய்யும் வேலையை இங்கே திருஷ்டிப் பூசணிக்காய் செய்கிறது. அமாவாசையன்று எதிரியின் கண் பட்டதைக் கழிக்கச் சுற்றி உடைக்கும் பூசணியில், குங்குமம் தடவிய துண்டு ஒன்று உடைத்தவர் கடை வாசலிலேயே தங்கிவிடும். விடிகாலையில் பால் கேனோடு இறங்கும் முதலாளி அதில் வழுக்கி, கேன் ஒருபக்கமும் தாம் ஒருபக்கமுமாக விழுவார். எழுந்ததும் முழங்காலைப் பார்ப்பதற்கு முன் எதிர்த்தாப்புல பார்த்தார்களா என்றுதான் பார்ப்பார். இப்போது அதிலும் ஒரு சங்கடம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை வரும் மெட்ரோ பாதைக்காக நடுச்சாலையில் தூண்கள் எழுந்துவிட்டன. நேர் எதிரே தூண் அமைந்துவிட்ட கடைக்காரர் அரைமணிக்கொருதரம் கல்லாவை விட்டிறங்கி, வாசல் தெளிப்பது போல நாலடி நகர்ந்து எட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இத்தனை பகையிலும் போக்குவரத்து நிற்பதில்லை. ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை, தீர்ந்துபோன சர்க்கரை, அவசரத்துக்கு ஒரு கேஸ் சிலிண்டர் எல்லாம் கடைப்பையன் மூலமாகச் சாலையைக் கடக்கும். இரு கடை மாஸ்டர்களும் ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவர்கள். யார் எவ்வளவு தூள் போடுகிறார் என்பது அங்கே ரகசியமே இல்லை. முதலாளிகள் மட்டும் பேசமாட்டார்கள்.

அவர்களுக்கு நடுவில் உளவு பார்ப்பவர் அக்கவுண்ட் வாடிக்கையாளர்.

"எதிர்த்தாப்புல கூட்டம் போலிருக்கே?"

"கூட்டம்தாண்ணே. டீ ஒண்ணும் வாய்ல வைக்கிற மாதிரி இல்ல. உங்க கை வராது."

"பஜ்ஜி எடுத்துக்கப்பா. எழுதிக்கவா?"

"எழுதிக்கோங்கண்ணே."

வாயைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்து, இதே வசனத்தை அங்கேயும் ஒப்பித்து, அங்கேயும் எழுதிக்கொள்ளச் சொல்வார். அவரைத் தக்கவைப்பதே மானப்பிரச்சினை என்பதால் இருவருமே பாக்கி கேட்பதில்லை.

இரு முதலாளிகளும் நேரில் பேசிக்கொள்ளும் நாள் வருடத்துக்கு ஒன்று. மே 5, வணிகர் தினம். இரண்டு ஷட்டரும் மூடியிருக்க, சங்கம் பிடித்த வேனில் பக்கத்து பக்கத்து சீட்டில் மாநாட்டுக்குப் போவார்கள். மதுரவாயல் வரை ஜன்னலைப் பார்ப்பார்கள். அதன்பின் ஒருவர் பொதுவாக, பாக்கி வசூலாவதில்லை என்று ஆரம்பிப்பார். மற்றவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுப்பார். இரண்டு நோட்டிலும் முதல் பக்கத்தில் ஒரே பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன வாரம் திறந்த புதுக்கடைக்கு மாறிவிட்டார் என்ற தகவலை முன்சீட்டிலிருந்து யாரோ சொல்வார்கள்.

திரும்பும்போது இருவரும் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிக்கொள்வார்கள். புதுக்கடைக்கு எதிரே ஏதாவது இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரிக்க.