தாத்தா ஒரு தேரை

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாட்ரிட்டில் இருக்கும் என் பேத்தியிடம் செல்பேசி வழியாக, "நான் ஒரு தேரை" என்று அறிவித்தேன். அவளுக்கு ஐந்து வயது. சிரித்த சிரிப்பில் பால் டம்ளர் கவிழ்ந்து, என் பெண் ஓடி வந்து, "என்னப்பா சொன்னே அவகிட்ட?" என்று கேட்கும்படி ஆயிற்று.

நான் சொல்ல வந்தது "எனக்குத் தெரியும்" என்பதைத்தான். ஸ்பானிஷ் மொழியில் தெரிந்திருப்பதற்கு 'சபேர்' என்று பெயர். வாலில் இருக்கும் 'ஏர்' என்பதை வெட்டிவிட்டு 'ஓ' ஒட்டினால் 'நான்' வந்துவிடும் என்று பாடப்புத்தகம் முதல் அத்தியாயத்தில் சத்தியம் செய்திருந்தது. கொமேர் என்றால் சாப்பிடுவது. கொமோ என்றால் நான் சாப்பிடுகிறேன். அந்தக் கணக்கில் சபேர், சாபோ. நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். நம் எழுத்தில் பல்லுக்கும் அதே ப, பலத்துக்கும் அதே ப. பேத்தியின் முகத்தைப் பார்த்த பரவசத்தில் பல்லின் பகரத்தைப் போட்டு வாசித்துவிட்டேன். அந்த ஊரில் அது தேரை. பலத்தின் பகரத்தைப் போட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை, அதுவும் தப்புதானாம். சரியான விடை 'சே'. ஒரே எழுத்து, தீர்ந்தது.

இந்தச் 'சே'யால் வீட்டில் வேறு சங்கடம். தெரியாது என்பதற்கு 'நோ சே'. சாப்பிடும்போது இரண்டையும் வாய்க்குள்ளேயே பழகிக்கொண்டிருந்தேன். "ஏன்னா, சாத்தமுதுல உப்பு கூடிப்போச்சா?" என்றாள் மனைவி. இல்லை, எனக்குத் தெரியும் என்று சொல்கிறேன் என்றேன். "தெரிஞ்சுண்டே எதுக்கு ரெண்டாம் தரம் விட்டுண்டேள்?"

அறுபத்துமூன்று வயதில் எனக்கு இது தேவையா என்று மேல அடையவளஞ்சான் வீதியில் கேட்காதவர்கள் குறைவு. காரணம் எளியது. என் பேத்தி பசி வந்தால் தமிழில் பேசுவாள், கோபம் வந்தால் ஸ்பானிஷில் பேசுவாள். என்ன திட்டு வாங்குகிறோம் என்று தெரியாமல் தாத்தாவாக இருப்பது அவ்வளவு கௌரவமாகப் படவில்லை.

நான் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவன். எக்ஸ்ரே படத்தில் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ் தெரிந்தாலும் ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிம்மதியாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் 1ஆம் நம்பர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் கையில் ஸ்பானிஷ் வினைச்சொற்களைக் கொடுத்தால் என்ன ஆகும்?

அவற்றில் மூன்றே குடும்பம்: ஆர், ஏர், ஈர் என்று முடிபவை. ஆத்திசூடி மாதிரி இருக்கிறதே என்று உற்சாகமாக உட்கார்ந்தேன். நீந்துவது, இஸ்திரி போடுவது, விசிலடிப்பது எல்லாம் வரிசையில் நின்று விதிப்படி உருமாறின. ஆனால் ஸ்ரீரங்கத்தில் இந்த வயதில் நான் விசிலடிக்க வேண்டிய சந்தர்ப்பம் எத்தனை வரும்? இருப்பது, போவது, வருவது, கொடுப்பது, சொல்வது, செய்வது, வைப்பது, முடிவது, வேண்டுவது என்று மனுஷன் காலையில் எழுந்தது முதல் தொடுகிற சாமான்களை மேஜைமேல் வைத்துச் சோதித்தேன். அத்தனையும் ரிஜெக்ட்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் இதன் சூட்சுமம் பிடிபட்டது. கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். எடுபிடிப் பையன் நாலு மணிக்கே வந்து நிற்பான். கைமணமுள்ள தலைமைப் பரிசாரகர் தன் இஷ்டத்துக்கு வருவார், துண்டை உதறுவார், முறுக்கிக்கொள்வார். அவரை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் இல்லாவிட்டால் திருக்கண்ணமுது கிடையாது. வினைச்சொற்களும் அப்படித்தான். எது இல்லாமல் வீடு நடக்காதோ அது விதியை மதிக்காது. நாள் பூராவும் எல்லார் வாயிலும் புழங்குவதால், பழைய முறுக்கை அப்படியே வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடுகிறது. எப்போதோ ஒரு தரம் வரும் சொல்லின் விசேஷ உருவம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பொதுவிதிக்கு அடங்கித்தான் ஆகவேண்டும். நேற்று வந்த சொற்கள் இன்னும் சாது. கூகிளில் தேடுவதை ஸ்பானிஷ்காரர்கள் 'கூக்ளேஆர்' ஆக்கி ஆர் குடும்பத்தில் தத்துக் கொடுத்துவிட்டார்கள். நாம் எல்லாவற்றையும் 'பண்ணு' தலையில் கட்டுகிறோமே, அது போல.

சூட்சுமம் தெரிந்தால் மனப்பாடம் ஆகிவிடுமா? திண்ணையில் உட்கார்ந்து "தெங்கோ, பெங்கோ, பொங்கோ, சால்கோ" என்று உருப்போட ஆரம்பித்தேன். என்னிடம் இருக்கிறது, வருகிறேன், வைக்கிறேன், வெளியே கிளம்புகிறேன் என்று முறையே அர்த்தம். பக்கத்து அகத்து மாமா, பிள்ளைகளுக்குத் திவ்யப் பிரபந்தம் சந்தை சொல்லிவைப்பவர், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஓய், நூத்தெட்டுல எந்தத் திவ்யதேசங்காணும் இது? கேள்விப்பட்டதில்லையே!"

விஷயத்தைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டது என் ஸ்பானிஷுக்காக அல்ல, நான் உருப்போடும் லட்சணத்துக்காக. "ஒண்டியா முணுமுணுத்தா ஏறாது. சந்தையா சொல்லும். நான் ஒரு தரம், நீர் ரெண்டு தரம். இங்கே குடும்." நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து எங்கள் திண்ணையில், பிரபந்தத்துக்குரிய அதே ஏற்ற இறக்கத்தோடு, இறந்தகாலம் ஆரம்பமாயிற்று. துவே, எஸ்துவே, புதே, பூசே, சூபே. அவர் ஒரு தரம், நான் இரண்டு தரம். வீதியில் போன ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டுவிட்டுப் போனார். பத்தே நாளில் இருபது வினைச்சொல் நாக்கில் ஏறிவிட்டது. எது என்ன அர்த்தம் என்பதுதான் நடுநடுவே நழுவும். "அர்த்தம் அப்புறம் வரும்" என்றார் மாமா.

போவதற்கான சொல்தான் உச்சம். அதன் பெயர் 'ஈர்'. நம் ஊரில் அது தலைமுடியில் இருப்பது. நான் போகிறேன் என்றால் 'போய்'. (எழுதும்போது வகரம், வாயில் பகரம்.) இது தமிழேதான் என்று துள்ளினேன். அந்தச் சந்தோஷம் இறந்தகாலம் வரைக்கும்தான். போனேன் என்பதற்கு 'ஃபுவி'. அதே 'ஃபுவி'க்கு 'இருந்தேன்' என்றும் அர்த்தம். லத்தீனில் தனித்தனியாக இருந்த மூன்று வினைகள் ஒரே சொல்லுக்குள் குடித்தனம் வந்துவிட்டன: பெயர் ஒன்றினுடையது, நிகழ்காலம் இன்னொன்றினுடையது, இறந்தகாலமோ 'இருத்தல்' வீட்டில் வாங்கிய இரவல். போனேனா, இருந்தேனா என்று தெரியாமல் ஒரு ஜாதி எப்படிப் பேசிக்கொள்கிறது என்று மாமாவிடம் பொருமினேன். அவருக்கு அதில் ஆச்சரியப்பட எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

நமக்கு முன்னால் எதிர்த்திசையில் இந்தப் பாடு பட்டவர்கள் உண்டு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஸ்பெயினின் நவார்ரா பக்கத்திலிருந்து வந்த பிரான்சிஸ் சவேரியார், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களை உள்ளூர்க்காரர்கள் உதவியோடு தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். அர்த்தம் அப்புறம் வரும் கட்சிதான் போலிருக்கிறது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். அவர் நம் இலக்கணத்தைக் கற்றதோடு நிற்காமல் தொன்னூல் விளக்கம் என்று ஒன்றை எழுதி நமக்கே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் மாட்ரிட்டுக்குப் போய் அதைச் செய்யப்போவதில்லை. அவர்கள் பயப்பட வேண்டாம்.

இந்த ஆடியில் பேத்தி லீவுக்கு வந்தாள். இறங்கின மறுநாளே முற்றத்தில் ஓடித் தடுக்கி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "தாத்தா, நான் விழுதேன். அப்புறம் அழுதேன்."

"விழுந்தேன், அழுதேன்" என்று திருத்தினேன்.

"விழுந்தேன், அழுந்தேன்."

"இல்லைடா. விழுந்தேன். அழுதேன்."

"ஏன்?"

முப்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவனுக்கு வாய் அடைத்துப்போயிற்று. விழு, அழு இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்று விழுந்தது, இன்னொன்று அழுதது. எழு, தொழு என்று எடுத்தாலும் எழுந்தான், தொழுதான். நில், சொல், வில் என்று ஒரே மில்லில் உருட்டின மூன்று குழாய்களை எடுத்தேன். நின்றேன், சொன்னேன், விற்றேன். மூன்றும் மூன்று தினுசு. வா என்பதற்கு வந்தேன் என்கிறோம், நெடில் எங்கே போனது? சாவு விஷயத்தில் செத்தான் என்கிறோம், அதைப் பேசுவானேன். நன்னூலில் பவணந்தி முனிவர் வினைச்சொற்களின் முடிவுகளுக்கு மாதிரியாக இருபத்துமூன்று வேர்களை ஒரே சூத்திரத்தில் அடுக்கியிருப்பதைப் பள்ளியில் ஒப்பித்திருக்கிறேன். நட, வா, போ, தின், கேள் எல்லாம் அதில் உண்டு. பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டு ஒப்பித்தபோது, அது மாட்ரிட் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணைக்கு அண்ணன் என்று தெரியாது. பிறந்ததிலிருந்து ரிஜெக்ட் சாமானிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு, அடுத்த வீட்டுக் குழாயில் குமிழ் தேடியிருக்கிறேன்.

"ஏன் தாத்தா?"

"நோ சே" என்றேன். உச்சரிப்பு நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினாள்.

பெருமாள் அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவிரிக்குச் சீர் கொடுக்கும் நாள் வந்தது. ராஜகோபுரம் தாண்டி ரோட்டோரத்தில் நாங்கள் எல்லோரும் நின்றோம், மாமாவும் கூட.

"பெருமாள் எப்போ வருவார்?" என்றாள் பேத்தி.

"வருவார்னு சொல்லப்படாது. எழுந்தருளுவார்னு சொல்லணும்" என்றார் மாமா.

பல்லக்கு வந்தது. கூட்டம் நெருக்கிற்று. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டேன். பல்லக்கு எங்களைத் தாண்டி நகர்ந்தது.

"போயிட்டாரா?"

"போயிட்டார்னும் சொல்லப்படாதுடி குழந்தே. எழுந்தருளிட்டார்."

"இப்போ எங்கே இருக்கார்?"

"இன்னும் சித்த நாழியில மண்டபத்துல எழுந்தருளியிருப்பார்."

என் தலைமேல் கொஞ்ச நேரம் சத்தமில்லை. விரல் விட்டு எண்ணுகிறாள் என்பது என் நெற்றியில் தெரிந்தது. வருவது, போவது, இருப்பது.

"தாத்தா!" என்று என் காதைப் பிடித்துத் திருகினாள். "ஃபுவே!"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அறுபது வருஷமாக இந்தத் தெருவில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தோற்றுப்போனதை மறைக்க வேண்டுமே. "அவர் போனால்தான் ஃபுவே. நான் போனால் ஃபுவி, தெரியுமோ?" என்றேன்.

"சே" என்றாள், சலிப்போடு.

"பெருமாள் எழுந்தருளற நாளும் அதுவுமா குழந்தை வாயில என்ன 'சே'?" என்றாள் என் மனைவி. "எல்லாம் உங்களாலதான்."