செயற்கைக்கோள் பார்த்த நோட்டு

2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டு கைக்கு வருமுன்பே அதன் ஜாதகம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. உள்ளே நானோ ஜிபிஎஸ் சிப். 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடுமாம். பேட்டரியா? அதெல்லாம் வேண்டாமாம்.

சில இந்திச் செய்தி சேனல்கள் ஸ்டூடியோவில் பாடமே நடத்தின. ரிசர்வ் வங்கி வெளியிட்ட பாதுகாப்பு அம்சங்களின் பட்டியலில் வாட்டர்மார்க் இருந்தது, நிறம் மாறும் இழை இருந்தது. சிப் மட்டும் இல்லை. பாவம், அந்தப் பட்டியலை யார் ஃபார்வர்டு செய்வார்கள்?

2023 மே மாதம் அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. 98 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. மிச்சமுள்ள சில ஆயிரம் கோடி எந்தப் பீரோவில் கிடக்கிறது என்பது பற்றிச் செயற்கைக்கோள் இதுவரை வாய் திறக்கவில்லை.