ஒரே கொம்பனிச் சாமான்: கடலடிக் கருவி வாணிபம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மாரி காலத்தில் வெள்ளம் ஏறும் கிட்டங்கிப் பாலத்துக்கு அப்பால், நெல்வயல் சூழ்ந்த சவளக்கடையில் அமர்ந்துகொண்டு நீருக்கடியில் மூச்சு விடும் கருவிகளின் வாணிபத்தை ஆராய்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று கருதும் அன்பர்களுக்கு, சமுத்திரத்தைப் பற்றிய சாஸ்திரங்களுள் பெரும்பாலானவை கரையில் இருந்தவர்களாலேயே எழுதப்பட்டன என்பதை முதற்கண் ஞாபகப்படுத்துகிறேன்.

ஆராய்ச்சிக்கு உரிய பிரச்சினை இது: சுழியோடும் சாமான் விற்கும் கடைக்குள் புகுந்த ஒருவர், உலகில் பல கொம்பனிகள் இருந்தும், அங்கே ஒன்றை, மிஞ்சினால் இரண்டை மட்டுமே காண்பது எதனால்?

பூர்வ காலத்தில் இத்துன்பம் இருந்ததில்லை. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களுக்கு ஒரு கல், ஒரு கயிறு, ஒரு கூடை இவையே சகல உபகரணங்களும். மரிச்சுக்கட்டி முத்துப் பாருக்கு வந்த அரபு நாட்டுக் குளியாளிகள் மூக்கை அடைக்கக் கொம்பினாற் செய்த கவ்வியைக் கழுத்திற் கட்டித் தொங்கவிட்டிருக்க, நம்மவர்களோ தம் இரண்டு விரல்களாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள் என்பதால், கொம்பனி பற்றிய முதல் விவாதம் அந்தப் பாரில்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு; விரலுக்கு உதிரிப்பாகம் தேவைப்படாது என்ற ஒரு நியாயத்தாலேயே நம்மவர் கட்சி வென்றிருக்கும்.

1943 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் கூஸ்தோவும் காஞ்ஞானும் சேர்ந்து, வளிமண்டலத்தைப் போல் பல மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கி, மூச்சிழுக்கும்போது மட்டும் கொடுக்கும் ரெகுலேட்டரை வகுத்தார்கள். பிறகு 1946 இல் க்ரெஸி, 1949 இல் மேரஸ் என இத்தாலியிலும், 1963 இல் ஸ்கூபாப்ரோ என அமெரிக்காவிலும் தோன்றிய கொம்பனிகள் யாவும் செய்வது சாராம்சத்தில் இதே வேலையைத்தான். ஆனால் இவ்வுண்மையைப் பாசிக்குடாப் பக்கத்துக் கடையொன்றில் நின்று சொல்லிப் பாருங்கள்.

“இதுதான் தம்பி சாமான். மற்றதெல்லாம் பேருக்குத்தான்” என்பார் முதலாளி. வேறு கொம்பனி இல்லையா என்றால், “அதுகள நான் எடுக்கிறல்ல” என்பார். எடுக்க முடியவில்லை என்று ஒருபோதும் சொல்லமாட்டார். இவ்விடத்தில் நான் கண்ட விதி யாதெனில், கடை எடுக்கும் கொம்பனி மாறும்போது கடைக்காரரின் இருபது வருஷ அனுபவமும் அதற்கு இசைவாகப் பின்னோக்கித் திருத்தப்பட்டுவிடுகிறது என்பதே.

இதில் வஞ்சகம் தேடுவோர் மேலோட்டமான ஆராய்ச்சியாளர்கள். ரெகுலேட்டர் என்பது வாங்கியதோடு தீரும் சாமான் அல்ல. கொம்பனி விதித்த காலத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றி, உப்புப் பூத்த பாகங்களைக் கழுவி, தேய்ந்த ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். அவ்வளையங்கள் கொம்பனிக்குக் கொம்பனி, மாதிரிக்கு மாதிரி வேறாயிருக்க, அவற்றைப் பூட்டப் பழகியவரும் அந்தக் கொம்பனியிடம் பயிற்சி பெற்றவராயிருக்க வேண்டும். உத்தரவாதப் பத்திரமோ, அங்கீகாரம் பெற்ற இடத்தில் கழற்றாவிட்டால் செல்லாது என்று அச்சடித்து வருகிறது. முகவராவதற்கு முதல் கொள்வனவாகவே பெருந்தொகை முடங்குகிறது. ஐந்து கொம்பனி எடுப்பவர் ஐந்து பெட்டி வளையங்களை வைத்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால், முதலாளியின் பிடிவாதம் பாதி சித்தாந்தம், பாதி வறுமை என்பது விளங்கும்.

போதாக்குறைக்கு, நம் கிழக்குக் கரையில் கடல் தெளிந்திருப்பது ஏறக்குறைய வைகாசி முதல் புரட்டாதி வரைதான். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக் கடலில் வருஷம் முழுவதும் கிடந்தாலும், வடகீழ்ப் பருவக் காற்று எழுந்தபின் அதைப் பார்க்கப் போவாரில்லை. ஆகவே சில கடைகள் சாமானைக் கட்டிக்கொண்டு ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுகின்றன. லொறியில் ஏறக்கூடியதே அவற்றின் களஞ்சியம்.

சவளக்கடை விவசாயிக்கு இதையெல்லாம் நூல் எழுதி நிரூபிக்க வேண்டியதில்லை. உழவு இயந்திரம் வாங்கப் போகிறவர் அதன் பெருமையை விசாரிப்பதில்லை. போகம் நடுவே உடைந்தால் கல்முனையில் பாகம் கிடைக்குமா, பூட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா என்றே கேட்கிறார். கடலடிக் கருவி பற்றிய விவாதங்கள் சுற்றிச் சுற்றி வந்து சேரும் இடமும் அதுதான்.

எனினும் முகக்கண்ணாடி விஷயத்தில் முதலாளிக்கு நான் இணங்கமாட்டேன். அதற்குக் கழற்றிப் பூட்டும் வேலை இல்லை. முகமோ ஆளுக்கு ஆள் வேறு. பட்டியை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல இழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. விழுந்தால், எவ்வளவு பெரிய கொம்பனியானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரெகுலேட்டரை மட்டும், அந்த முதலாளி எதைக் கழற்றிப் பூட்டுவாரோ அதையே வாங்குங்கள்.