பஜ்ஜி பிழிகிறவர்

பஜ்ஜித் தட்டு எதிரில் வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பழைய பேப்பர் இருக்கா?" செய்தி படிக்க அல்ல. பேப்பரை மூன்றாக மடித்து, நடுவில் ஒரு வாழைக்காய் பஜ்ஜியைப் படுக்கவைத்து, மேல் மடிப்பை மூடி உள்ளங்கையால் ஓர் அழுத்து. திருப்பிப் போட்டு இன்னோர் அழுத்து. பிறகு பஜ்ஜியை விட்டுவிட்டுப் பேப்பரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். எண்ணெய் ஊறிய இடத்தில் எதிர் வீட்டு மாடியே தெரியும். "பாத்தியா? இவ்வளவும் உள்ள போயிருக்கும்."

ஊருக்கு நாலு பேர் இப்படி இருக்கிறார்கள். என் பெரியப்பா மகனைத்தான் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அண்ணனும் பிழிகிறார் என்பது வேறு விஷயம்.

பேப்பரிலும் தராதரம் உண்டு. வழுவழு வார இதழ் உதவாது, உறிஞ்சாது. ஞாயிறு இணைப்பு பரவாயில்லை. ஆங்கில நாளிதழ் உத்தமம். அந்தத் தாள் எண்ணெயை நன்றாகக் குடிக்கிறதாம். பிழியாத நாமெல்லாம் மூன்று பஜ்ஜியோடு எழுந்துவிடுகிறோம். அவர் ஆறு சாப்பிடுவார். பிழிந்த பிறகு அது வெறும் வாழைக்காய் என்பது அவர் கணக்கு. வாழைக்காயில் நார்ச்சத்து உண்டு, டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அச்சு மை ஒட்டுகிறதே என்று ஒருமுறை ஆரம்பித்தேன். செய்தித்தாளில் தின்பண்டம் வைக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே எச்சரித்ததையும், 2023-இல் மறுபடி சொன்னதையும் எடுத்துவைத்தேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "அது மை. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்ல வராது."

பூரியைப் பிழிவார், அது அப்பளமாகும். ஆம்லெட்டைப் பிழிந்திருக்கிறார். கல்யாணப் பந்தியில் பேப்பருக்கு எங்கே போவது? அங்கே கைக்குட்டை. வெண்பொங்கலைப் பிழிய வழியில்லை என்பதால் இலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடிப்பார். நெய் வடிந்து சாம்பார்ப் பக்கம் ஓடும். பிறகு அந்தச் சாம்பாரைத் தொட்டுக்கொண்டே பொங்கலைச் சாப்பிட்டு முடிப்பார். ஒரு நிச்சயதார்த்தத்தில் மைசூர்பாகை டிஷ்யூ பேப்பரில் வைத்து அழுத்தப்போக, அது பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, காகிதத்தில் ஒட்டியிருந்ததை விரலால் சுரண்டித் தின்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வயது 58, கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 172, மைசூர்பாகு என்றால் உயிர். அந்த நேரத்துக்கு அவர்மேல் எனக்குப் பிரியமாகத்தான் இருந்தது.

பேப்பரில் இறங்குவது பஜ்ஜியின் மேல்தோலில் நிற்கிற எண்ணெய் மட்டுமே. மாவு உள்ளே குடித்தது உள்ளேயேதான் இருக்கிறது. அதைவிடக் கூத்து, எங்கள் வீட்டில் பஜ்ஜி போடுவது கடலை எண்ணெயில். தாவர எண்ணெய் எதிலும் சொல்லிக்கொள்கிற அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது. பாக்கெட்டில் இதயப் படம் போட்டு 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சடிப்பது, வாழைப்பழத்தில் எலும்பு இல்லை என்று போர்டு மாட்டுவதற்குச் சமம். அவரானால் அந்த வரியைப் படித்துப் பார்த்துத்தான் எண்ணெய் வாங்குவார். நம் உடம்பில் ஓடுகிற கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது. அதில் கெட்டதை ஏற்றிவிடுவதில் முக்கியப் பங்கு நிறைகொழுப்புக்கு: நெய், வெண்ணெய், பாலாடை, தேங்காய் எண்ணெய், பேக்கரியில் தாராளமாகப் புழங்கும் பாமாயில். அதாவது, அவர் கையில் பிழிபடாத சங்கதிகள். காபிக்கு ஆரஞ்சு பாக்கெட் பால், 6 சதவீதக் கொழுப்பு. காலை வாக்கிங் முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் பட்டர் பிஸ்கட். அதைப் பேப்பரில் வைத்து அழுத்த அவருக்கு இதுவரை தோன்றவில்லை. ட்ரைகிளிசரைடும் ஏறியிருக்கிறது, சாதத்தையும் சர்க்கரையையும் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். "சாதத்துல எண்ணெயே இல்லையே" என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறை ரசத்துக்குச் சாதம் வாங்கிக்கொள்வார்.

மாத்திரை எழுத டாக்டர் பேனாவைத் திறந்தபோதே தடுத்துவிட்டார். "மூணு மாசம் டைம் குடுங்க, சாப்பாட்டுலயே இறக்கிக் காட்டறேன்." அந்த மூன்று மாசமும் வழக்கப்படி ஓடும். கடைசிப் பத்து நாளில்தான் கொள்ளு ரசம், வெந்தயத் தண்ணீர், பச்சைப் பூண்டு, பார்க் வாசல் அருகம்புல் சாறு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே இறங்கும். லேபில் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு என்றால் இவர் முந்தின நாள் மத்தியானமே வாயைக் கட்டிவிடுவார். பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை; மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். 1972-இல் வந்த சூத்திரம். அதையும் எங்கேயோ படித்துவைத்திருக்கிறார். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கழித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஏழு குறைஞ்சிருக்கு. எல்லாம் பிழிஞ்சதோட பலன்."

ஓட்ஸ் விஷயத்தில் மட்டும் அவர் பேசுவது சரி. அதில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்கிற கரையும் நார், குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துவைத்து வெளியே தள்ளிவிடுகிறது. புதிதாகப் பித்தம் சுரக்க வேண்டிய கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. நாளுக்கு 3 கிராம் அந்த நார் சேர்ந்தால் எல்.டி.எல். கொஞ்சம் இறங்கும், அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். இத்தனையும் அவருக்கு மனப்பாடம். அந்த 75 கிராம் தட்டுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் தெரியாது.

காலை ஐந்தரைக்கு எழுந்து அவருக்கு ஓட்ஸ் கஞ்சி, பையனுக்கு இட்லி, பெரியம்மாவுக்குக் குழைய வடித்த சாதம் என்று மூன்று சமையல் செய்வது அண்ணி. தாளிப்பில் அரை ஸ்பூன் எண்ணெய் கூடினால் அடுக்களைக்கே வந்து விசாரணை நடத்துவார். "கொழகொழன்னு இருக்கு" என்று அவர் மீதம் வைத்த கஞ்சியை, கொட்ட மனசு வராமல், பதினோரு மணிக்கு நின்றபடியே குடிப்பதும் அண்ணிதான். பஜ்ஜிக்கு அவர் ஆங்கிலப் பேப்பர் தேடுவதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சிரித்துக்கொண்டு பார்ப்பேன். இதைப் பார்க்க எரிச்சலாக வருகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் எல்.டி.எல். ஏறுகிறது. அண்ணிக்கு 54 வயது. ஒரு தடவைகூட ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை. அண்ணனிடமே கேட்டேன்.

"அவளுக்கு என்னடா, நல்லாத்தானே இருக்கா."

போன வாரம் லேப் விளம்பரம் ஒன்றைக் காட்டி, "ஜோடியா எடுத்தா தள்ளுபடியாம்ண்ணே" என்றேன். தள்ளுபடி என்றதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முழுக்கப் படித்தார். யூரிக் ஆசிட் இலவசம் என்ற வரியைச் சத்தமாகவே படித்தார். சரி, ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னவோ யோசனை வந்து நின்றார்.

"அவளுக்குக் கூடுதலா வந்தா வாய்க்கட்டு இல்லன்னு அர்த்தம். குறைச்சலா வந்தா என்ன அர்த்தம், சொல்லு?"

எனக்குத் தெரியவில்லை.

"அவ குடிக்கிறது என் ஓட்ஸ்தானேடா."